விட்டிலின் மீது வீண்பழி

விளக்கில் விழும் விட்டிலை உவமையாக்காத எழுத்தாளன் நம்மிடையே அபூர்வம். நானும் ஒரு கதாநாயகனை அந்த உவமையாலேயே சாகடித்திருக்கிறேன். இன்று அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காரணம், ஆஸ்திரேலியாவின் போகாங் விட்டில்.

சிறகை விரித்தால் இரண்டு அங்குலம்கூட இராது. பழுப்பு நிறம், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் சமவெளிகளில் புழுவாய்க் கிடந்து, வசந்தத்தில் சிறகு பெற்றதும் பனிமலைகளை நோக்கிக் கிளம்புகிறது. 1,000 கிலோமீட்டர் வரை, இரவிலேயே பயணம். வழி சொல்லப் பெற்றோர் உயிரோடு இல்லை. பூமியின் காந்தத்தை அது உணர்கிறது என்று 2018-லும், நட்சத்திரங்களைக் கொண்டு திசை அறிகிறது என்று 2025-லும் விஞ்ஞானிகள் எழுதினார்கள். மலைக் குகைச் சுவரில், சதுர மீட்டருக்குச் சுமார் 17,000 என்ற கணக்கில், ஓடு வேய்ந்தாற்போல் ஒட்டிக்கொண்டு கோடையைக் கழிக்கிறது. பிறகு வந்த தூரம் முழுவதும் திரும்பிப் பறந்து, முட்டையிட்டுச் சாகிறது. இதுவா மூடப் பிராணி? நம்மில் எத்தனை பேருக்குத் துருவ நட்சத்திரத்தைக் காட்டத் தெரியும்?

'பின் ஏன் ஐயா விளக்கைச் சுற்றுகிறது?' என்பீர்கள். இரவில் வெளிச்சமான பக்கம் வானம். அந்தப் பக்கம் முதுகைக் காட்டினால் நிலை தவறாது. பூச்சிகளின் ஆதிகாலத்துச் சட்டம் இது. அதிவேகக் காமிராவால் படம் பிடித்து இதைக் காட்டிய ஆராய்ச்சி 2024-ல் வெளிவந்தது. விளக்கேற்றிப் பொய் வானம் காட்டியவன் மனிதன். ஏமாந்த பூச்சிக்கு மோகம் என்று பட்டம்! கான்பெராவில் 1988-ல் திறந்த பாராளுமன்ற மாளிகையின் விளக்குகளில் மொய்த்தபோதும், 'தொல்லை' என்ற பெயர் விட்டிலுக்குத்தான் கிடைத்தது.

புழுவாக இருக்கையில் இளம்பயிரைத் தின்கிறதே என்பார் உழவர். மெய்தான், மறுக்கவில்லை. அந்நாட்டுப் பூர்வகுடிகளும் விட்டிலைச் சும்மா விடவில்லை. மலையேறிப் பிடித்துச் சுட்டுத் தின்றார்கள். விட்டில் அரைத்த சுவடுள்ள, சுமார் 2,000 ஆண்டுப் பழமையான கல் விக்டோரியாவில் ஒரு குகையில் கிடைத்திருக்கிறது. அவர்கள் தின்றும் குகைகள் காலியாகவில்லை. 2017-ல் தொடங்கிய வறட்சியில்தான் காலியாயின. விட்டிலை நம்பி வாழும் எலியளவு மலைப் பாஸத்தின் குட்டிகள் தாயின் பையிலேயே பட்டினியால் மாண்டன. 2021-ல் போகாங் விட்டிலை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

என் நாவலின் மறுபதிப்பில் அந்த வரியை எடுத்துவிடும்படி பதிப்பாளருக்கு எழுதினேன். "நல்ல உவமை ஸார், இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று பதில் வந்திருக்கிறது. இரண்டாவது கடிதம் இன்று தபாலில் போகிறது.