கைகோத்த பூமி உருண்டை

முப்பத்திரண்டு வருஷ காலம் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும், யாராவது வந்து அழைத்தால் மறுக்க மனமில்லாமல் குழந்தைகளின் சித்திரப் போட்டிகளுக்கு நடுவராகப் போய்க்கொண்டிருப்பவன் நான். போகும் இடங்களிலெல்லாம் மேடைக்குப் பின்னால் ஒரு பதாகை தொங்கும். அதில் "வண்ணத்துக்குத் தேசமில்லை" என்று எழுதியிருக்கும். அதன் கீழே நீலமும் பச்சையுமாக ஒரு பூமி உருண்டையும், அதைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் ஏழெட்டுக் குழந்தைகளும் காணப்படுவார்கள். இருபது வருஷமாக அதைப் பார்த்து உள்ளுக்குள் குமுறியிருக்கிறேனே தவிர, வெளியில் ஒன்றும் சொன்னதில்லை. சென்ற வருஷம் திருப்பூரில் நடந்த ஒரு போட்டியில், பரிசு வழங்க வந்த பிரமுகர் முக்கால் மணி நேரம் அந்த ஒரு வாக்கியத்துக்கே வியாக்கியானம் செய்து, நாங்கள் நடுவர்கள் அன்று காலையில் செய்திருந்த ஓர் அநியாயத்துக்கும் தம்மை அறியாமலே நியாயம் கற்பித்த பிறகு, இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பது நான் கற்பித்த கலைக்கும் என்னிடம் கற்ற பிள்ளைகளுக்கும் செய்யும் துரோகம் என்று தோன்றிவிட்டது.

அவர் சொன்னது அவருடைய சொந்த அபிப்பிராயமன்று. கல்வி மாநாடுகளிலும் ஆசிரியர்களுக்கான கையேடுகளிலும் ஓயாமல் ஓதப்படுவதுதான். சித்திரத்துக்கு மொழி கிடையாதாகையால் அது எல்லாத் தேசத்தாருக்கும் விளங்கும். குழந்தை மனத்தில் வேற்றுமை கிடையாதாகையால் அது பிறவியிலேயே உலகப் பிரஜை. அதன் கையில் ஒரு தாளைக் கொடுத்து 'உலகம் ஒரு குடும்பம்' என்று வரையச் சொல்லி, வரைந்ததைக் கடல் கடந்து அனுப்பி, அங்கிருந்து ஒன்றை வரவழைத்துச் சுவரில் மாட்டிவிட்டால், மனிதகுலம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் உண்மை அதன் உள்ளத்தில் தானே பதிந்துவிடும். சித்தாந்தம் இவ்வளவுதான். ஆசிரியருக்கு இதில் வேலையே இல்லை. தாளும் தபால் செலவும் போதும்.

மொழி கிடையாது என்ற வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. ஜப்பானியக் குழந்தை சூரியனுக்குச் சிவப்புத் தீட்டும். நம் குழந்தை மஞ்சள் தீட்டும். அந்தச் சிவப்புச் சூரியனை நம் வகுப்பில் காட்டினால், பொழுது சாய்கிறது என்பார்கள். நான் காட்டியிருக்கிறேன், அப்படித்தான் சொன்னார்கள். சூரியனுக்கே மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கிறது.

குழந்தை வேற்றுமை அறியாதது என்ற வாதத்துக்கு நேருவைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் தம்முடைய 'சங்கர்ஸ் வீக்லி'யின் சார்பில் குழந்தைகளுக்கான போட்டியை 1949-ல் தொடங்கினார். அவ்வருஷம் டிசம்பரில் அப்பத்திரிகையின் குழந்தைகள் மலருக்கு நேரு எழுதிய கடிதத்தில், மதம், ஜாதி, நிறம், தேசம், பாஷை என்று பெரியவர்கள் தங்களைச் சுற்றி எழுப்பிக்கொள்ளும் தடுப்புகளைக் குழந்தைகள் அறியார்கள் என்ற கருத்தைச் சொல்லியிருந்தார். அந்தப் போட்டி பல தேசத்துக் குழந்தைகளும் கலந்துகொள்ளும் போட்டியாக வளர்ந்தது. அதனிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் பெரியவர்கள்மேல் நேரு சுமத்திய குற்றச்சாட்டை, குழந்தைகளுக்கு ஒன்றும் கற்பிக்க வேண்டியதில்லை என்பதற்கான சாட்சிப் பத்திரமாக மாற்றிக்கொண்டவர்கள் பின்னால் வந்த பிரசங்கிகள்தாம்.

இவர்கள் ஒரு நாளாவது வகுப்பில் உட்கார்ந்து ஒரு கிரேயான் பெட்டியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அதில் வெளிறிய ஒரு குச்சி இருக்கும். பிள்ளைகள் அதற்கு வழங்கும் பெயர் 'ஸ்கின் கலர்'. கரிசல் மண் நிறத்துக் குழந்தை ஒன்று, தன்னைப் போலவே கறுத்த தன் தாயின் உருவத்தை வெகு சிரத்தையாக வரைந்து, கண்ணும் மூக்கும் பொட்டும் வைத்து, கடைசியில் பக்கத்துப் பிள்ளையிடம் கைநீட்டி 'ஸ்கின் கலர்' கேட்டு வாங்கி, அந்த முகத்தின் மேல் தேய்ப்பதை வருஷந்தோறும் பார்த்திருக்கிறேன். அரக்கு நிறத்துக் குச்சியை எடுத்து நீட்டினால், "அது மரத்துக்கு சார்" என்று பதில் வரும். முதல் முறை அந்தப் பதிலைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அமெரிக்காவில் கிரயோலா கம்பெனியார், சதை என்று பொருள்படும் பெயரில் அதுவரை விற்றுவந்த குச்சிக்கு 1962-ல் பீச் பழத்தின் பெயரை வைத்தார்கள். தென் கொரியாவில் இதைப் பற்றிப் புகார் எழுந்து, மனித உரிமை ஆணையம் 2002-ல் பெயரை மாற்றச் சொல்லிற்று. மாற்றிய பெயர் தங்களுக்கு விளங்காத சீனமொழிச் சொல்லாக இருக்கிறதென்று பிள்ளைகளே மனுக் கொடுத்து, ஆப்ரிகாட் பழத்தின் பெயரைப் பெற்றுக்கொண்டார்கள். இங்கே நம் வகுப்புகளில் அது இன்னும் 'ஸ்கின் கலர்'தான். எந்த நிறம் முகத்துக்கு உரியது, எது மரத்துக்கு உரியது என்பதை இரண்டாம் வகுப்புக்கு வருமுன்பே தீர்மானித்துக்கொண்டுவிட்ட மனத்தைப் பார்த்து, வேற்றுமை அறியாத மனம் என்று மேடையில் மெய்சிலிர்ப்பவர்களிடம் எனக்குக் கோபந்தான் வருகிறது.

'உலகம் ஒரு குடும்பம்' என்று தலைப்பு அறிவித்ததும் மண்டபத்தில் நடப்பது என்ன? முந்நூறு பிள்ளைகளும் டிபன் பாக்ஸ் மூடியைக் கவிழ்த்து வட்டம் போடுவார்கள். வட்டத்துக்கு நீலம், அதற்குள் பச்சைத் திட்டுகள், சுற்றிலும் கைகோத்த பொம்மைகள். கிமோனோ கட்டினால் ஜப்பான், ரோமச் சட்டை போட்டால் துருவ தேசம், தலைப்பாகை கட்டினால் இந்தியா, இலைப் பாவாடை உடுத்தினால் ஆப்பிரிக்கா. ஐம்பதுக்கு மேற்பட்ட தேசங்களும் கெய்ரோவையும் லாகோஸையும் போன்ற மகா நகரங்களும் உள்ள ஒரு கண்டம் முழுவதற்கும் ஓர் இலைப் பாவாடை! இது குழந்தையின் கற்பனையன்று. ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் சார்ட்டில் அச்சாகியிருப்பது, போட்டிக்குத் தயார் செய்யும் வகுப்புகளில் கை பழகப் பழகப் போட்டுப் பார்த்தது. அயலானை ஒரு வேஷமாகவே அறியும்படி பழக்கிவிட்டு, அந்த வேஷத்தின் கையைப் பிடித்திருப்பதாக வரைந்த பிள்ளைக்கு உலகப் பிரஜை என்று கேடயம் கொடுக்கிறோம். கணியன் பூங்குன்றனாரின் பாட்டுக்கும் இதே கதிதான். புறநானூற்றில் 192-ஆம் பாட்டு அது. ஆற்று வெள்ளத்தின் போக்கில் செல்லும் தெப்பத்தைக் கண்டு, அதில் மனித வாழ்வைக் கண்டு, ஆகையால் பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழவும் மாட்டோம் என்று முடிக்கிறார் புலவர். நாமோ முதலடியை மட்டும் வெட்டிப் பதாகையில் ஒட்டிக்கொண்டு, தெப்பத்தை ஆற்றோடு விட்டுவிட்டோம்.

இவையெல்லாம் போகட்டும். பிரமுகர் தம் பிரசங்கத்தின் சிகரமாக எடுத்துக்கொண்டது, ஹிரோஷிமாக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளுக்கு அனுப்பிய சித்திரங்களை. குண்டு போட்ட தேசத்துக்கும் குண்டு வாங்கிய தேசத்துக்கும் சித்திரந்தான் பாலம் போட்டதாம். கொள்கைக்கு இதைவிடப் பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுமா என்று கேட்டார். அந்தச் சரித்திரத்தை அவர் ஒருமுறை முழுமையாகப் படித்திருந்தால் கேட்டிருக்கமாட்டார்.

அந்தக் கதை சித்திரத்தில் தொடங்கவில்லை. ஒரு கேக்கில் தொடங்கிற்று. பிகினித் தீவில் அணுகுண்டுச் சோதனை நடத்திய படைக் குழுவினருக்காக 1946 நவம்பரில் வாஷிங்டனில் ஒரு விருந்து நடந்தது. அதில் குண்டு வெடித்தெழும் குடை வடிவப் புகையைப் போலவே செய்த கேக்கை ஓர் அட்மிரலும் அவர் மனைவியும் சிரித்துக்கொண்டே வெட்டினார்கள். அந்தப் படம் பத்திரிகையில் வெளிவந்தது. அதைக் கண்டு மனம் கொதித்த ஆல் சோல்ஸ் சர்ச்சின் போதகர் ஆர்தர் பவல் டேவீஸ், தம் சொந்த ஜனங்களைப் பார்த்தே கண்டனப் பிரசங்கம் செய்தார். அந்தப் பிரசங்கம் எப்படியோ ஜப்பானில் கல்வி இலாகாவில் பணியாற்றிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கரின் கைக்கு எட்ட, அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் எழுதுவதற்குத் தாளும் பென்சிலும் இல்லாமல் தவிப்பதை அவர் டேவீஸுக்கு எழுதினார். சர்ச்சைச் சேர்ந்த குழந்தைகள் பென்சில், கிரேயான், தாள், பசை என்று அரை டன் சாமான் திரட்டி அனுப்பினார்கள். அவை போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று ஹோன்காவாப் பள்ளி. குண்டு வெடித்த இடத்துக்குச் சுமார் 400 மீட்டரில் இருந்து, தன் பிள்ளைகளில் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே நொடியில் இழந்த பள்ளி. அங்கே உயிர் தப்பிப் படித்த பிள்ளைகள் 1948-ல் நன்றியாக அனுப்பியவைதாம் அந்தச் சித்திரங்கள்.

நான் அறிந்த வரையில் அவற்றில் பூமி உருண்டை இல்லை, கைகோத்த பொம்மைகள் இல்லை, புறாவும் இல்லை. பள்ளி முற்றத்தில் விளையாடும் பிள்ளைகள் இருந்தார்கள், பூத்த செர்ரி மரங்கள் இருந்தன, தங்கள் ஊர் இருந்தது. யாரும் தலைப்புக் கொடுத்ததாகத் தெரியவில்லை. கொடுத்திருந்தால் அந்த மரங்கள் வந்திருக்கமாட்டா. முதலில் ஒரு பெரியவர் தம் தேசம் செய்த காரியத்துக்காக வெட்கப்பட்டார். பிறகு குழந்தைகள் தம் பொருளை எடுத்துக் கொடுத்தார்கள். அதற்கும் பிறகுதான் கடைசியாகச் சித்திரம் வந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வெட்கத்தையும் கொடையையும் நீக்கிவிட்டு, சித்திரத்தை மட்டும் முதலில் நிறுத்தி, மற்றவை தாமே நடந்துவிடும் என்று போதிப்பது எந்த விதத்தில் நேர்மை? சித்திரமே போதிக்குமென்றால் இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும். அந்தச் சித்திரங்கள் அதே சர்ச்சில் பல பத்து வருஷங்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தனவே, அந்தக் காலமெல்லாம் அவை யாருக்கு எதைப் போதித்தன? சிலர் அவற்றைத் தேடி எடுத்து, பழுது பார்த்து, 2010-ல் ஹோன்காவாவுக்கே கொண்டுபோய்க் காட்டி, கேக்கிலிருந்து தொடங்கிக் கதையைச் சொன்ன பிறகல்லவா, முதியவர்களாகிவிட்ட அந்தப் பிள்ளைகள் தம் கைவண்ணத்தைத் தாமே மறுபடியும் பார்த்தார்கள்?

இதோடு இன்னொருவரையும் நினைத்துக்கொள்கிறேன். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த டெரெசீன் முகாமில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற சித்திரக்காரி குழந்தைகளுக்கு ஒளித்து மறைத்து வகுப்பு நடத்தினார். உலக சகோதரத்துவத்தைப் பற்றி வரையச் சொல்லவில்லை. எதிரில் இருக்கும் பொருளைப் பார்க்கவும், கோட்டின் லயத்தை உணரவும் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு சித்திரத்திலும் பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். இரண்டு பெட்டிகளில் அடங்கிய ஏறக்குறைய 4,500 சித்திரங்கள் தப்பின. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் தப்பவில்லை. இன்று பிராக் நகரத்து யூத மியூசியத்தில் ஒரு சித்திரத்தின் எதிரில் நிற்பவன், மனிதகுலம் என்ற பொதுப் பெயரின் எதிரில் நிற்பதில்லை. இன்ன ஊரில் இன்ன வீட்டில் பிறந்த இன்ன குழந்தையின் எதிரில் நிற்கிறான். அந்தப் பெயர் இருப்பதனால்தான் அவனால் அங்கிருந்து சுலபமாக நகர முடிவதில்லை.

திருப்பூர்ப் போட்டிக்கு வருகிறேன். முந்நூறு உருண்டைகளுக்கு நடுவே ஒரு தாளில் உருண்டை இல்லை. ட்யூப் லைட்டின் கீழே ஒரு பெண் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், மடியிலும் பக்கத்திலும் சின்னச் சின்னப் பனியன்களின் குவியல், கையில் கத்தரிக்கோல். பிசிறு வெட்டுகிறாள். வீட்டுக்கு மூட்டை வாங்கி வந்து ராத்திரி வெகுநேரம் செய்கிற வேலை அது. மேலே கிடக்கும் பனியனில் ஒரு வெள்ளைக் கரடியும், அந்தப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாத ஏதோ ஒரு தேசத்து எழுத்துகளும், பார்த்தது பார்த்தபடி, எழுத்துக்கு எழுத்து, வரையப்பட்டிருந்தன. முகத்துக்கு அரக்கு நிறம் தீட்டியிருந்தது. மற்ற நடுவர்கள் இருவரும், "நல்ல கை, ஆனால் தலைப்பில் உலகம் அல்லவா கேட்டோம், இதில் உலகம் எங்கே?" என்றார்கள். நான் அந்தப் பனியன் குவியலைக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தத் தாளைத் தள்ளுபடிக் கட்டில் சேர்த்தார்கள். இருவருக்கு எதிராக ஒருவனால் ஆவதென்ன என்று நானும் கையெழுத்துப் போட்டேன். அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

விழா முடிந்ததும் அந்தக் கட்டிலிருந்து அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். பாரபட்சம் கூடாதென்று போட்டிகளில் பெயர் எழுதவிடுவதில்லை. பின்புறத்தில் 117 என்ற எண் மட்டும் இருக்கிறது. எண்ணுக்கு உரிய பெயர்ப் பட்டியலைக் கேட்டு மூன்று முறை திருப்பூருக்குப் போய் வந்தேன். பரிசு பெற்றவர்களின் பட்டியல்தான் இருக்கிறது, மற்றது விழாவோடு போய்விட்டது என்கிறார்கள்.