அச்சுத்தாளில் ‘அடுத்து’ பொத்தான் எதற்கு?
இணையவழிப் பாடங்களின் அச்சுவடிவம் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

தேர்வுக் காலத்தில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு காட்சி தப்பாமல் கிடைக்கும். கல்லூரி மாணவி ஒருவர் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்குக் கோப்பு ஒன்றை அனுப்புகிறார். “அண்ணா, பேக் டு பேக், பிளாக் அண்ட் ஒயிட், ஸ்பைரல் போட்டுருங்க.” இயந்திரம் தாளைத் துப்புகிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘முந்தைய’, ‘அடுத்து’ என்று இரண்டு பொத்தான்கள். நடுவில் ‘மேலும் அறிய இங்கே சொடுக்கவும்’. காணொளி இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம், அதற்குள் ஒரு முக்கோணம். மாணவி காசைக் கொடுத்துவிட்டு லால்குடிக்கோ துறையூருக்கோ பஸ் ஏறுகிறார். சொடுக்க முடியாத தாளை வைத்துக்கொண்டு இரவு முழுக்கப் படிக்க வேண்டும்.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் உள்ள ஆசிரியர்கள், நூலகர்கள், பாட வடிவமைப்பாளர்கள் சேர்ந்த தன்னார்வக் குழு ஒன்று இந்தத் தாள்களை முன்னால் வைத்துக்கொண்டுதான் தன் நிலைப்பாட்டை வகுத்திருக்கிறது. திரையில் தொட்டும் இழுத்தும் கற்கும் பாடங்களுக்கு அச்சுவடிவம் கட்டாயம் வேண்டும் என்பது குழுவின் முதல் கருத்து. திரையைப் படம்பிடித்துக் கோத்துத் தருவதை அச்சுவடிவம் என்று ஏற்க முடியாது என்பது அடுத்தது.

இதை ஒரு சலுகையாகக் குழு கேட்கவில்லை. 2017 ஜூலையில் தொடங்கிய நடுவண் அரசின் ‘ஸ்வயம்’ தளம் தன் பாடங்களை நான்கு பகுதிகளாக வகுத்திருக்கிறது: காணொளி விரிவுரை, தரவிறக்கி அச்சிடத்தக்க வாசிப்புப் பகுதி, தன்மதிப்பீட்டுத் தேர்வு, கலந்துரையாடல். அச்சு அந்த இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்கள் எதிர்த் திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தன. புத்தகம் கையில் இருக்கும், பக்கத்தில் உள்ள கியூஆர் கோடு காணொளிக்குக் கூட்டிப்போகும். ஆனால் 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கியபின் திறன் பயிற்சிகளும், அலுவலகங்களின் கட்டாயப் பயிற்சிகளும் திரையை நம்பியே பெருகி வருகின்றன. வீட்டில் ஒரே செல்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்ற நிலை இன்னும் பல குடும்பங்களில் மாறவில்லை.

தாளுக்கு இன்னொரு பலமும் உண்டு. 2000களில் வந்த மின்பாடங்களில் பல, பின்னாளில் அடோபியின் கைக்கு வந்த ஃபிளாஷ் மென்பொருளில் செய்யப்பட்டவை. அந்த நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது; 2021 ஜனவரி 12 முதல் அதில் செய்தவை ஓடுவதையே தடுத்தது. வட்டு அலமாரியில் இருக்கிறது, பாடம் இல்லை. அந்தப் பாடங்கள் வந்த காலத்தில் ஸ்பைரல் போட்டு வைத்த குறிப்பேடு மட்டும் தூசு தட்டினால் படிக்கக் கிடைக்கிறது.

பேச்சாக நடந்ததை ஏட்டில் இறக்கும் சிக்கல் ஸ்ரீரங்கத்துக்குப் புதிதில்லை. 13ஆம் நூற்றாண்டில் வைணவ ஆசாரியர் நம்பிள்ளை திருவாய்மொழிக்கு விரித்துச் சொன்ன பொருளை, அவருடைய சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளை பகலில் கேட்டு இரவில் ஓலையில் எழுதிவைத்தார் என்கிறது குருபரம்பரை வரலாறு. அதுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. 32 எழுத்து ஒரு படி என்ற கணக்கில் நூலின் அளவே அதன் பெயராகிவிட்டது. காலட்சேபம் என்பது எதிரில் இருப்பவர் முகம் பார்த்து, ஐயம் கேட்டு, விடை சொல்லி நகர்வது. எழுதியவர் அந்தக் கேள்விகளை வெட்டி எறிந்துவிட்டு முடிவுகளை மட்டும் எழுதவில்லை. முந்தைய தலைமுறையில் நஞ்சீயர் பட்டரிடம் கேட்ட ஐயமும் அதற்குப் பட்டர் சொன்ன மறுமொழியும்கூட ஈட்டில் இருக்கின்றன. ஒரே இடத்துக்கு இரண்டு ஆசாரியர்கள் வெவ்வேறாகப் பொருள் சொல்லியிருந்தால் இரண்டும் இருக்கும். அதனால்தான் பிற்காலத்தில் மணவாள மாமுனிகள் அதை எடுத்து, ஸ்ரீரங்கம் கோயில் உற்சவர் நம்பெருமாள் முன்னிலையில் மறுபடி காலட்சேபமாகச் சொல்ல முடிந்தது. 

இன்றைய மின்பாடத்தில் ஐயமும் மறுமொழியும் எங்கே இருக்கின்றன? தவறான விடையைத் தொட்டால் எட்டிப் பார்க்கும் சின்னப் பெட்டியில். ஸ்டோரிலைன் போன்ற மின்பாட மென்பொருட்களில் பாடத்தை வேர்டு கோப்பாக வெளியிடும் வசதி உண்டு. அதை அழுத்தினால் திரைகள் வரிசையாகப் படங்களாக விழும். எந்தப் பெட்டி எந்தத் தவறுக்கு உரியது என்ற தொடர்பு அறுந்துவிடும்.

ஓம் விதியை எடுத்துக்கொள்ளலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ தளத்தில் இதற்கு ஒரு பாவனை ஆய்வு இருக்கிறது. மின்னழுத்தத்தின் நழுவுக்கட்டையை மேலே தள்ளினால் மின்னோட்டம் கூடும். மின்தடையைக் கூட்டினால் குறையும். அதைப் படம்பிடித்து அச்சிட்டால் கிடைப்பது அசையாத நழுவுக்கட்டை ஒன்று. தாளுக்கென்று எழுதுகிறவர் வேறு மாதிரி செய்வார். மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொண்டு 2, 4, 6, 8 வோல்ட்டுக்கு மின்னோட்டம் 0.2, 0.4, 0.6, 0.8 ஆம்பியர் என்று அட்டவணை போட்டு, கடைசி இரண்டு கட்டங்களை வெறுமையாக விட்டு, வரைபடத் தாளில் கோடு இழுக்கச் சொல்வார். பிறகு ஒரு கணக்கு: மின்னழுத்தம் 6 வோல்ட், மின்தடை 3 ஓம், மின்னோட்டம் எவ்வளவு? பின்பக்கத்தில் ‘விடை 2 ஆம்பியர்’ என்பதோடு நிறுத்த மாட்டார். ‘18 என்று எழுதியிருந்தால் வகுக்க வேண்டியதைப் பெருக்கிவிட்டீர்கள், 0.5 என்றால் தலைகீழாக வகுத்துவிட்டீர்கள்’ என்று இரண்டு வரி சேர்ப்பார். அந்த இரண்டு வரிதான் எட்டிப் பார்க்கும் பெட்டியின் வேலையைச் செய்கிறது. இதற்கு மென்பொருள் போதாது. பாடம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும்.

தாளில் இறங்காத பாடங்களும் உண்டு. ழகர, ளகர உச்சரிப்பைக் காதால்தான் பழக வேண்டும். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று கிளை கிளையாகப் பிரியும் உரையாடல் பயிற்சியை அச்சிட்டால் ‘பக்கம் 14க்குப் போகவும்’ என்று தாளைப் புரட்டிப் புரட்டிக் கை வலிக்கும். அத்தகைய இடங்களில் ‘இப்பகுதி திரையில் மட்டும்’ என்று நேர்மையாக ஒரு வரியும் பக்கத்தில் ஒரு கியூஆர் கோடும் அச்சிடலாம். சாம்பல் கட்டத்தைவிட அது மேல்.

அச்சுவடிவம் கொடுத்தால் யாரும் பாடத்தைத் திறக்கவே மாட்டார்கள் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். குழுவுக்கு அந்தக் கவலை இல்லை. பாடத்தை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய், வந்து ‘அடுத்து’ அழுத்துகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். தேர்வும் சான்றிதழும் திரையிலேயே இருக்கட்டும். படிப்பது எதில் என்பதைப் படிக்கிறவர் முடிவு செய்யட்டும்.

எழுத்துரு பற்றிக் குழு கண்டிப்பாக இருக்கிறது. பழைய எழுத்துருக்களில் செய்த தமிழ்ப் பிடிஎஃப் கண்ணுக்கு அழகாக இருக்கும். வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் ‘கொள்ளிடம்’ என்பது தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகக் கிடக்கும். திரைவாசிப்பானை நம்பிப் படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு அது உளறலாகக் கேட்கும். முழுப் பக்கமும் படமாக இருந்தால் அந்த உளறல்கூடக் கேட்காது. தமிழக அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றாகிவிட்டது. மின்னணு ஊடகத்தில் வரும் உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 42ஆம் பிரிவில் சொல்கிறது. ஆகவே யூனிகோடு எழுத்து, தலைப்புகளுக்கு முறையான அடையாளம், படங்களுக்கு விளக்க வரி ஆகிய மூன்றும் இல்லாத கோப்பை நிறுவனங்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.

அனுமதி? வடக்குத் திருவீதிப் பிள்ளை தம்மைக் கேட்காமல் எழுதியதை நம்பிள்ளை ஏற்கவில்லை, ஓலைகளைத் தாமே வாங்கி வைத்துக்கொண்டார் என்றும் அதே குருபரம்பரை வரலாறு சொல்லும். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கற்பித்தலுக்காக ஆசிரியரும் மாணவரும் படியெடுக்க இடம் தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான வடிவமாற்றத்துக்கு 2012 திருத்தம் வழி விட்டது. தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் கற்பித்தலுக்கான நகலுக்கு ஆதரவாகவே தீர்ப்பளித்தது. இவ்வளவு இருந்தும், பாடம் எழுதியவரின் பெயரை அட்டையில் போடாத அச்சுவடிவத்தைக் குழு ஆதரிக்காது.

செலவை மாணவர் தலையில் கட்டக்கூடாது. மின்பாடம் தயாரிக்க ஒப்பந்தம் போடும் துறைகளும் கல்லூரிகளும் அச்சுவடிவத்தை அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு பொருளாகச் சேர்க்க வேண்டும். பாடம் முடிந்த பிறகு ‘இதையும் கொஞ்சம் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள்’ என்று கேட்பதால்தான் திரையைப் படம்பிடித்த தாள்கள் வந்து சேர்கின்றன. அச்சிட்ட படி ஒன்று மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒன்று அந்தந்தப் பகுதிக் கிளை நூலகத்துக்கும் போகட்டும். தங்கள் பாடங்களின் அச்சுக் கோப்பை வைத்திருக்கும் ஆசிரியர்கள் இன்றே அதில் பத்துப் பக்கத்தை அச்சிட்டு, கணினியை மூடிவைத்துவிட்டு, தாளை மட்டும் பார்த்துப் படித்துப் பார்க்குமாறு குழு கேட்டுக்கொள்கிறது.