யந்திரத்தில் ஏறிய மூளை யாருடையது?

“பொத்தானை அழுத்துகிற வேலைக்கு இவ்வளவு கூலியா?”

கோவையின் பட்டறைகளில் சி.என்.சி. மிஷின் முன்னால் நிற்கும் தொழிலாளி கூலி உயர்வு கேட்டால், முதலாளிமார் திருப்பிக் கேட்கும் கேள்வி இது. ஆலைத் தொழிலாளத் தோழர்களும் விவசாயத் தொழிலாளத் தோழர்களும் இதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மிஷின் முன்னால் நிற்கிறவன் யார்? மில் மூடி வேலை இழந்தவரின் மகன். களையெடுத்த கூலியில் மிச்சம் பிடித்து ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்ட தாயின் மகன். நம் பிள்ளைதான் அவன்.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்ப்போம்.

பழைய லேத்தில் டர்னர் கைப்பிடியைத் திருகி டூலை நகர்த்துவார். சி.என்.சி. லேத்தில் அந்தக் கைவேலையை மோட்டார் செய்கிறது. எங்கே போவது, எவ்வளவு வேகத்தில் போவது என்பதை வரிவரியாக எழுதிக் கொடுக்கிறார்கள். அதற்குப் பெயர் புரோகிராம். ஜி-00 என்றால் விரைந்து ஓடு. ஜி-01 என்றால் நேர்கோட்டில் கடைந்துகொண்டு போ. எம்-03 என்றால் சக்கைச் சுழற்று. எம்-08 என்றால் கூலண்டைத் திற. நெசவுத் தோழர்களுக்கு இது புதிதல்ல. 1804-லேயே பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு, அட்டையில் துளையிட்டுத் தறிக்குக் கட்டளை கொடுத்தார். அந்தப் பரம்பரையில் வந்ததுதான் இந்த மிஷினும்.

அப்படியானால் மனிதனுக்கு வேலை பொத்தானை அழுத்துவது மட்டும்தானா?

இல்லவே இல்லை! புரோகிராமில் 40 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி விட்டுப் போனால், சில மிஷின்கள் அதை 40 மில்லிமீட்டர் என்று எடுக்காமல் 40 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும். டூல் பாய்ந்து ஜாப்பில் மோதும். புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு மனிதனின் கண். கடையக் கடைய டூலின் முனை தேய்கிறது, அளவு மாறுகிறது. தலைமயிரின் கனத்தில் ஒரு சிறு பங்கான 10 மைக்ரான் தவறினாலும் ரிஜெக்ட் ஆகிற ஜாப்புகள் உண்டு. மைக்ரோமீட்டரைப் பிடித்து அளந்து, ஆஃப்செட்டைத் திருத்துவது ஒரு மனிதனின் கை. வார்ப்பில் கெட்டியான இடம் வந்தால் சத்தம் மாறும். அதைக் கேட்டு மிஷினை நிறுத்துவது ஒரு மனிதனின் காது. இந்த அறிவு ஒரே நாளில் வருவதா?

ஒரு ஷிப்டின் கணக்கு

உடல் உழைப்பு போய்விட்டது என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 கிலோ எடையுள்ள ஜாப். மாட்டிக் கழற்றுவதையும் சேர்த்து ஒன்றுக்கு 2 நிமிஷம். 8 மணி ஷிப்டில் சாப்பாட்டுக்கு அரை மணி போக 450 நிமிஷம். ஒரு மிஷினில் 225 ஜாப். ஒரே ஆளிடம் இரண்டு மிஷின் கொடுத்தால் 450 ஜாப். மாட்டும்போது ஒரு தரம், கழற்றும்போது ஒரு தரம் தூக்குகிறான். ஆக 1,800 கிலோ! 50 கிலோ மூட்டையாக எண்ணினால் 36 மூட்டை. நெல் மூட்டை தூக்கும் தோழருக்கு இதன் அர்த்தம் தெரியும். இதற்கு மேல் கூலண்டில் நனைந்து தோல் வெடித்த கை. எண்ணிக்கை குறையக்கூடாது என்பதற்காகக் கதவின் பாதுகாப்பு ஸ்விட்சை அடைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் பட்டறைகளும் உண்டு.

முன்பு ஒரு லேத்துக்கு ஒரு டர்னர். இப்போது இரண்டு, மூன்று மிஷினுக்கு ஒரு ஆள். உற்பத்தி பல மடங்கு. கூலி பல மடங்காயிற்றா?

மிஷின் பிறந்த கதை

இந்த அநியாயத்தை மிஷின் தானாகச் செய்கிறதா? அது பிறந்த கதையைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம். அமெரிக்காவில் இரண்டு வழிகள் முன்னால் இருந்தன. ஒன்று, தேர்ந்த தொழிலாளி முதல் ஜாப்பைத் தன் கையால் செய்வார். அவருடைய அசைவுகள் காந்த நாடாவில் பதியும். பிறகு மிஷின் அதையே திரும்பச் செய்யும். இதில் அறிவு தொழிலாளியிடமே இருந்தது. மற்றொன்று, அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, காகித நாடாவில் துளையிட்டுக் கட்டளை அனுப்புவது. ஜான் பார்சன்ஸ் என்பவர் முன்வைத்த இந்த யோசனைக்கு 1949-ல் அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952-ல் மிஷினை ஓட்டிக் காட்டியது.

சிக்கலான விமான உறுப்புகளுக்குக் கணக்கு வழி தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் சாதாரண ஜாப்புகளுக்கும் அதே வழி ஏன் வந்தது? வேலையின் ரகசியம் தொழிலாளியின் கையிலிருந்து நிர்வாகத்தின் மேஜைக்குப் போக வேண்டும் என்ற ஆசையும் அதற்கு ஒரு காரணம். டேவிட் நோபிள் என்ற அமெரிக்கச் சரித்திர ஆசிரியர் 1984-ல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார்.

அவரே இன்னொரு சம்பவமும் சொல்கிறார். லின் நகரத்திலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலையில் 1968-ல் ஒரு பரிசோதனை நடந்தது. இந்த மிஷின்களில் வேலை செய்தவர்களுக்கு மேல் போர்மன் இல்லை. வேலையைத் தாங்களே பங்கிட்டு நடத்தினார்கள். உலகம் தலைகீழாகிவிடவில்லை, ஜாப்புகள் தயாராகிக்கொண்டுதான் இருந்தன. ஆயினும் 1970-களின் நடுவில் நிர்வாகம் அதை நிறுத்தியது. ஆலையை யார் நடத்துவது என்ற கேள்வி எழும் என்பதே அதற்கிருந்த பயம்!

நம் பட்டறைகளில்

நம் ஊருக்குத் திரும்புவோம். மிஷினில் புரோகிராமைப் பூட்டி வைக்க ஒரு சாவி உண்டு. அது யாரிடம் இருக்கிறது? பல இடங்களில் சூபர்வைசரிடம். தவறு கண்ணெதிரே தெரிந்தாலும் ஆப்பரேட்டர் திருத்தக்கூடாது; ஆனால் ஜாப் ரிஜெக்ட் ஆனால் பழி மட்டும் அவன் தலையில். “உனக்குப் புரோகிராம் தெரியாது, ஆகவே கூலி கிடையாது” என்கிறார்கள். கற்றுக்கொள்ள விடாதவர்கள் யார்?

புரோகிராமர் மட்டும் சுகமாக இருக்கிறாரா? இரவு இரண்டு மணிக்கு டூல் மோதினால் அவருக்குத்தான் போன் வருகிறது. “நீ ஸ்டாப்” என்று சொல்லி ஓவர்டைம் கொடுப்பதில்லை. சங்கத்தின் பக்கம் போகாதே என்கிறார்கள். ஒருவர் மூளையை விற்கிறார், ஒருவர் கையை விற்கிறார் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவன் ஒருவனே!

“ட்ரெய்னி” என்ற பெயரில் நடக்கும் மோசடி தனி. 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சியாளர் தொழிலாளி ஆகமாட்டார். இந்த ஓட்டையில் புகுந்து, பயிற்சி என்று சேர்த்து முழு உற்பத்தி வாங்கி, காலம் முடிந்ததும் வெளியே அனுப்பி, அடுத்த பையனைக் கொண்டு வருகிறார்கள்.

12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று அதை வாபஸ் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இது ஒற்றுமையின் வெற்றி. ஆனால் சங்கமில்லாத பட்டறைகளில் 12 மணி ஷிப்டு இன்றும் ஓடுகிறது. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2020-ல் இயற்றிய சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பட்டறைக்குள் கொண்டுவருவது சங்கம்தான்.

மிஷினை உடை என்று நாம் சொல்லவில்லை. முதுகு ஒடிக்கும் வேலையை மிஷின் செய்யட்டும். அதனால் மிச்சமாகும் நேரமும் லாபமும் யாருக்கு என்பதுதான் நம் கேள்வி. ஆகவே நாம் கோருகிறோம்:

மிஷினில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் வேலை நேரத்திலேயே புரோகிராம் கற்றுக் கொடு! கற்றவரிடம் சாவியைக் கொடு! திறமைக்கும், பார்க்கும் மிஷின்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கூலி கொடு! எட்டு மணிக்கு மேல் இரட்டைக் கூலி கொடு! பயிற்சி முடிந்தவரை நிரந்தரமாக்கு! பாதுகாப்புக் கதவில் கை வைக்காதே!

ஆப்பரேட்டர், செட்டர், புரோகிராமர் மூவரும் ஒரே சங்கத்தில் சேர வேண்டும். ஆலைத் தோழர்கள் தங்கள் சங்க அனுபவத்தை இந்த இளைஞர்களுக்குக் கொடுக்க வேண்டும். கிராமத்துத் தோழர்கள், பட்டணத்துக்கு அனுப்பிய பிள்ளை ஊருக்கு வரும்போது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், சங்கம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

மிஷினுக்குள் ஓடும் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு தொழிலாளியின் அனுபவம். நம் அறிவை நாடாவில் ஏற்றிக்கொண்டு, நம்மையே அறிவில்லாதவன் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை!