சினிமாவுக்குப் படிப்பு எதுக்குன்னு கேக்குற மகராசன்களுக்கு

"சினிமாவுக்கு எதுக்குங்க படிப்பு? மணிரத்னம் என்ன ஃபிலிம் ஸ்கூல்லயா படிச்சார்?"

இந்தக் கேள்வியக் கேட்டாலே எனக்கு பிபி எகிறுது. போன மாசம் மட்டும் மூணு தடவ கேட்டாச்சு. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ப்ளஸ் டூ முடிச்சுட்டு கேமரா படிக்கணும்ங்கிறான். வீட்ல பெரிய பஞ்சாயத்து. ஒரு கோஷ்டி "முதல்ல இன்ஜினியரிங்க முடி, அப்புறம் எந்தக் கழுதைய வேணா மேய்" அப்படிங்குது. இன்னொரு கோஷ்டி, அதாவது சப்டைட்டில் போட்டு உலக சினிமா பாக்குற நம்மள மாதிரி ஆளுங்க, "ஃபிலிம் ஸ்கூல் எல்லாம் வேஸ்ட்டு தம்பி, ஃபோன எடு, குறும்படம் எடு" அப்படிங்குது. முதல் கோஷ்டியோட சண்டை போட முடியாது, நம்மளப் பெத்தவங்க. ரெண்டாவது கோஷ்டிக்காகத்தான் இந்தப் பதிவு.

சொல்ல வர்றத முதல்லயே சொல்லிடறேன். பட்டம் வேற, பள்ளிக்கூடம் வேற. சினிமாவுல பட்டத்துக்கு மதிப்பு ரொம்பக் கம்மி. ஆனா நல்ல பள்ளிக்கூடத்துக்கு மதிப்பு ரொம்ப ஜாஸ்தி. அதுவும் யாருக்குன்னா, வீட்ல சினிமா இல்லாதவனுக்கு. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பி "படிப்பே வேஸ்ட்டு"ன்னு சொல்றவங்க, தங்களுக்குத் தெரியாமலே ஏழைப் பையனுக்கு இருக்குற ஒரே கதவையும் சாத்துறாங்க.

சரி, மணிரத்னத்துக்கே வருவோம். அவர் படிச்சது எம்பிஏ. ஃபிலிம் ஸ்கூல் பக்கம் போகல. ஒத்துக்கறேன். ஆனா அவங்க அப்பா பட விநியோகஸ்தர். சித்தப்பா பெரியப்பா வகையில 'வீனஸ்' கிருஷ்ணமூர்த்தி தயாரிப்பாளர். அது அவர் தப்பு இல்ல, திறமையக் குறைச்சும் சொல்லல. அடுத்தத கவனிங்க. அவரோட முதல் படம் 1983ல வந்த 'பல்லவி அனுபல்லவி'. கன்னடப் படம். கேமரா யாரு? பாலு மகேந்திரா. புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல ஒளிப்பதிவு படிச்சவர். அப்புறம் 'மௌன ராகம்', 'நாயகன்' எல்லாம் யாரு? பி.சி.ஸ்ரீராம். நம்ம சென்னை, தரமணி இன்ஸ்டிட்யூட் மாணவர். 'நாயகன்'ல தேசிய விருதும் வாங்கினார்.

அதாவது, "ஸ்கூல் போகாதவர்"னு நீங்க காட்டுற ஆளு, தன் கேமராவ ஸ்கூல் போனவங்க கையிலதான் குடுத்தார். இத மட்டும் ஏன் சாமி யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க?

"சரி, வெற்றிமாறன்? பாலா? அவங்க உதவி இயக்குனரா இருந்துதானே கத்துக்கிட்டாங்க?" ஆமா. யார்கிட்ட? அதே பாலு மகேந்திராகிட்ட! புனேல ஒரு வகுப்பறையில ஆரம்பிச்ச பாடம், சென்னைக்கு வந்து, ரெண்டு பேர் வழியா இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அவங்க ஸ்கூல் போகலன்னு சொல்றது, ஆத்துத் தண்ணியக் குடிச்சுட்டு "நான் ஊத்துப் பக்கமே போனதில்ல"ன்னு சொல்ற மாதிரி.

இன்னும் சில பேரப் பாப்போம். எடிட்டர் பி.லெனின், இயக்குனர் பீம்சிங்கோட மகன். ஸ்ரீகர் பிரசாத், எடிட்டர் அக்கினேனி சஞ்சீவியோட மகன். 1985ல 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு பண்ணி எல்லாரையும் திரும்பிப் பாக்க வெச்ச பி.ஆர்.விஜயலட்சுமி, பி.ஆர்.பந்துலுவோட மகள். எல்லாரும் பெரிய திறமைசாலிகள், சந்தேகமே இல்ல. ஆனா இவங்களுக்கு வீடே பள்ளிக்கூடம். நம்ம வீட்ல மூவியோலாவா இருந்துச்சு? கிரைண்டர்தான் இருந்துச்சு :-)

"ஐடி வேலைய விட்டுட்டு வந்து ஜெயிச்சவங்க இல்லையா, கார்த்திக் சுப்புராஜ் இல்லையா?"ன்னு அடுத்த அம்பு வரும். இருக்காங்க. நானும் பொட்டி தட்டுறவன்தான், அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனா ஒண்ண யோசிங்க. மாசச் சம்பளம் வாங்குறவன் சனி ஞாயிறுல குறும்படம் எடுக்கலாம். கேமரா வாடகைக்கு காசு இருக்கு, ஊத்திக்கிட்டா திரும்பிப் போக ஒரு நாற்காலி இருக்கு. சம்பளம்தான் அவனோட ஸ்காலர்ஷிப். அந்த ஸ்காலர்ஷிப் இல்லாதவன்கிட்ட போய் "ஃபோன எடு, படம் எடு"ன்னு சொல்றது ஈஸி.

உதவி இயக்குனர் வழி இலவசம்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அதுதான் பெரிய காமெடி. சாலிகிராமத்துல ரூம் வாடகை, ஹோட்டல் சாப்பாடு, பேட்டா வந்தா உண்டு வராட்டி இல்லன்னு ஓடுற வருஷங்கள். அதுவும் ஃபீஸ்தான். ரசீது தர மாட்டாங்க, அவ்வளவுதான். ஒரு இயக்குனர் பின்னாடி அஞ்சு வருஷம் சுத்தி, கடைசில கிளாப் போர்டு மட்டும் அடிச்சுட்டு ஊருக்குத் திரும்பினவன் எந்தப் பேட்டியிலயும் வர மாட்டான். ஜெயிச்ச பத்து பேரத்தான் நமக்குத் தெரியும்.

இதுல பொண்ணுங்க நெலம? டீக்கடை வாசல்ல நின்னு வாய்ப்பு தேடுற வழி அவங்களுக்குத் திறந்திருக்கா? சுஹாசினிய எடுத்துக்குங்க. தரமணி இன்ஸ்டிட்யூட்ல ஒளிப்பதிவு படிச்சுட்டு, அசோக் குமார்கிட்ட கேமரா உதவியாளரா இருந்தவங்க. அப்புறம்தான் 1980ல 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'. சாருஹாசன் மகளுக்கே கேமராகிட்ட வர ஒரு இன்ஸ்டிட்யூட் சீட்டு உதவுச்சுன்னா, செங்கத்துல இருந்தோ கமுதியில இருந்தோ வர்ற பொண்ணுக்கு எவ்வளவு தேவைப்படும்?

இப்ப அந்தப் பட்டத்துக்கு வருவோம். இங்க நான் உங்க கட்சிதான். நாட்டுலயே பெரிய பேரு இருக்குற புனே இன்ஸ்டிட்யூட் 1960ல ஆரம்பிச்சது. எத்தனையோ வருஷமா அங்க குடுத்துட்டு இருந்தது பட்டமே இல்ல, டிப்ளமோ. ரசூல் பூக்குட்டி அங்க ஒலிப்பதிவு படிச்சு 1995ல வெளிய வந்தார். 2009ல 'ஸ்லம்டாக் மில்லியனர்'க்கு ஆஸ்கர் வாங்கினார். அவர் கையில இருந்தது டிகிரியா டிப்ளமோவான்னு யாராச்சும் கேட்டாங்களா? ஷூட்டிங்ல சங்கத்து கார்டு இருக்கான்னு கேப்பாங்க, லைட்ட எங்க வைக்கணும்னு கேப்பாங்க. மார்க் ஷீட் கேக்க மாட்டாங்க. அந்தப் பேப்பர் உதவுறது வேற இடத்துல. பின்னாடி வாத்தியார் வேலைக்குப் போகணும்னா, வெளிநாட்டுல மேல படிக்கணும்னா, பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா...

அப்ப பள்ளிக்கூடத்துல என்னதான் கெடைக்கும்? மூணு விஷயம். ஒண்ணு, சொதப்புறதுக்கு இடம். ஷூட்டிங்ல ஒரு ஷாட் அவுட் ஆஃப் ஃபோகஸ் ஆனா தயாரிப்பாளர் காசு போகும், மறுநாள் உங்க வேலையும் போகும். பள்ளிக்கூடத்துல மார்க் மட்டும்தான் போகும். ரெண்டு, பழைய படங்கள ஒரு முறையோட பாக்குறது, பாத்துட்டு சண்டை போடுறது. மூணாவதுதான் ரொம்ப முக்கியம்: கூடப் படிக்கிறவங்க. 1986ல 'ஊமை விழிகள்' வந்துச்சே, ஆபாவாணன், அரவிந்தராஜ்னு அந்தப் படத்துக்குப் பின்னாடி நின்னது இன்ஸ்டிட்யூட் பசங்க கூட்டம். கேமரா பிடிக்கிறவன், இயக்குறவன், எழுதுறவன் எல்லாரும் ஒரே வளாகத்துல சந்திச்சாங்க. தனியா ஃபோன வெச்சுக்கிட்டு மொட்டை மாடியில நிக்கிறவனுக்கு இந்தக் கூட்டம் எங்க கெடைக்கும்?

இனி தனியார் ஃபிலிம் ஸ்கூல் பக்கம் ரெண்டு வார்த்தை. நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜப் பத்தி (பேரு வேணாம்) முன்னாடியே புலம்பியிருக்கேன். லேப்ல ஆறு பேருக்கு ஒரு ஆசிலோஸ்கோப். அதுல ரெண்டு வேலை செய்யாது. ரெக்கார்டு நோட்ட சீனியர்கிட்ட வாங்கி ஈயடிச்சான் காப்பி. நாலு வருஷம் முடிஞ்சதும் பட்டம் வந்துச்சு, இன்ஜினியரிங் வரல. வேலைய கம்பெனில போய்தான் கத்துக்கிட்டேன். தமிழ்நாட்டுல 500க்கு மேல இன்ஜினியரிங் காலேஜ் தொறந்து, அப்புறம் வரிசையா மூடினதப் பாத்த தலைமுறை நாம. வெறும் பட்டம் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா? அதே கடைய இப்போ சினிமா போர்டு மாட்டித் தொறக்குறாங்க.

கணக்குப் போட்டுப் பாப்போம், நமக்கு அதானே தெரியும். 10 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 7 வருஷம். மாசத் தவணை சுமார் 16,600 ரூபாய். மொத்தமா கட்டுறது கிட்டத்தட்ட 14 லட்சம். பொட்டி தட்டுறவன் எப்படியாச்சும் கட்டிடுவான். பேட்டா வாங்குற உதவி ஒளிப்பதிவாளர் எப்படிக் கட்டுவான்? தவணைக்காக கெடைச்ச வேலையெல்லாம் ஒத்துக்குவான். எதுக்காகப் படிச்சானோ அதுக்கு நேரமே இருக்காது. கடன் போட்டு வாங்குற கனவு, கடன்காரனுக்குத்தான் சொந்தம்.

அதனால பள்ளிக்கூடம் தேடுற தம்பி தங்கச்சிங்க, ப்ரோஷர்ல இருக்குற நடிகர் ஃபோட்டோவப் பாக்காதீங்க. நேர்ல போய் இதக் கேளுங்க:

1. படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் என் கையால எத்தனை படம் எடுப்பேன்? அந்தச் செலவு ஃபீஸ்ல அடங்குமா, தனியா?
2. போன வருஷப் பசங்க எடுத்த கடைசி வருஷப் படங்களப் போட்டுக் காட்டுங்க. (காட்ட மாட்டோம்னா திரும்பிப் பாக்காம வந்துருங்க.)
3. கேமரா எத்தனை, பசங்க எத்தனை? ராத்திரி எட்டு மணிக்கு எடிட்டிங் ரூம் தொறந்திருக்குமா?
4. ஒலிப்பதிவு, எடிட்டிங் படிக்கிறவங்க இதே வளாகத்துல இருக்காங்களா, இல்ல எல்லாருமே வருங்கால இயக்குனர்களா?
5. தினமும் பாடம் எடுக்குறது யாரு? வருஷத்துக்கு ஒரு தடவ வந்து செல்ஃபி எடுத்துட்டுப் போற பிரபலமா?

இந்த அஞ்சுல ஒண்ணுகூட பட்டத்தப் பத்தினது இல்லங்கறதக் கவனிங்க.

அரசாங்க இன்ஸ்டிட்யூட் எல்லாம் கோயில்னு நான் சொல்லல. 2015ல புனே மாணவர்கள், தலைவர் நியமனத்த எதிர்த்து 139 நாள் வேலைநிறுத்தம் பண்ணினாங்க. வருஷக்கணக்குல இழுக்குற படிப்பு, பழைய சாமான், அரசியல், எல்லாம் உண்டு. ஆனா தரமணியில ஃபீஸ் கம்மி, கேமரா உண்டு, கூட்டாளி உண்டு. இடம் ரொம்பக் குறைச்சல்ங்கறதுதான் பிரச்சினை. நமக்குக் கோவம் வர வேண்டியது அங்கதான். மதுரைக்கும் கோயமுத்தூருக்கும் இந்த மாதிரி ஒண்ணு ஏன் இல்லன்னு கேக்கறத விட்டுட்டு, இருக்குற ஒண்ணையும் வேஸ்ட்டுன்னு சொன்னா சந்தோஷப்படப் போறது யாரு? லட்சக்கணக்குல வாங்குறவனும், வீட்லயே சினிமா இருக்குறவனும்தான்.

ஒரு தடவ சீட்டு கெடைக்கலன்னு மனசு விட்டுறாதீங்க. போலந்து இயக்குனர் கீஸ்லோவ்ஸ்கிக்கு லோட்ஸ் ஃபிலிம் ஸ்கூல்ல ரெண்டு தடவ இடம் கெடைக்கல. மூணாவது தடவதான் உள்ள விட்டாங்க. அவர் "ஸ்கூலே வேஸ்ட்டு"ன்னு பதிவு போடாம, மறுபடி மறுபடி போய் கதவத் தட்டினார்.

டிஸ்கி 1: "நீ ஏன் போகல?"ன்னு கேப்பீங்க. எனக்கு படம் பாக்கத்தான் வரும், எடுக்க வராது. அதுக்கு ஸ்கூல் இன்னும் தொறக்கல.

டிஸ்கி 2: பின்னூட்டத்துல டொரன்டினோ வீடியோ கடையில வேலை பாத்தவர்னு யாரோ எழுதப் போறீங்க. தெரியும் ராசா. அந்தக் கடைதான் அவருக்கு ஸ்கூல். நம்ம ஊருல அப்படி ஒரு கடை இருந்தா அட்ரஸ் குடுங்க, நானும் வர்றேன்.