மகளையும் புறக்கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள்

உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகு நம்மில் பலருக்கு ஒரு நாள் வரும். தோளில் ஒரு பை, கையில் எண்ணிக் கொடுத்த பணம், வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல், கண் முன்னால் கொழும்பு. கூட யாரும் இல்லை. பல்கலைக்கழகம், ஆசிரியர் பயிற்சி, தாதியர் பயிற்சி, தொழில் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். விடுதிக்கு வாளி வேண்டும், தலையணை உறை வேண்டும், குடை வேண்டும், கொப்பி வேண்டும். அவற்றை வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் சேர வேண்டிய இடத்தில் சேர வேண்டும். இந்த நாளைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு எழுந்தால் அது “அனுப்பலாமா, கூடாதா” என்பதிலேயே நின்றுவிடுகிறது. “அந்த நாளுக்குப் பிள்ளையை எப்படிப் பழக்குவது” என்ற கேள்விக்கு யாரும் வருவதில்லை. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆண்பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் பெயர் சொல்லாமலே கிடைத்துவிடுகிறது. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவை, நுவரெலியா எங்கும் நம்மவர்களின் கடைகள் இருக்கின்றன. புடவைக் கடை, பாத்திரக் கடை, செருப்புக் கடை, பலசரக்குக் கடை என்று பல. சரக்கு எடுக்க வாப்பாமார் போவது புறக்கோட்டைக்கு. பத்து வயதில் மகனும் கூடப் போகிறான். பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எந்தத் தெருவில் என்ன கிடைக்கும், எந்த முதலாளி சொன்ன விலையில் நிற்பார், யார் இறங்கி வருவார், மூட்டை தூக்கும் நாட்டாமிக்கு எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் பார்த்தே படிக்கிறான். பதினைந்து வயதில் “நீ போய் அந்தப் பார்சலை எடுத்து வா” என்று தனியே அனுப்பப்படுகிறான். வழி தவறினால் வீட்டில் சிரிக்கிறார்கள். அடுத்த முறையும் அவனையே அனுப்புகிறார்கள்.

அதே வீட்டு மகளும் புறக்கோட்டையைப் பார்த்திருக்கிறாள். பெருநாளுக்கு உடுப்பு எடுக்க, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பத்தொன்பது வயதில் திடீரென்று அதே கூட்டத்தின் நடுவே அவளை நிறுத்திவிட்டு, “பாருங்கள், பயப்படுகிறாள், பெண்பிள்ளைக்கு இது சரிவராது” என்று சொல்வது நியாயமா? நீச்சல் பழக்காத பிள்ளையை ஆற்றில் இறக்கிவிட்டு, இவளுக்குத் தண்ணீர் ஒத்துவராது என்று சொல்வதைப் போன்றது அது.

இது வெறும் பேச்சுக்காகச் சொல்வதல்ல. எனக்குத் தெரிந்த ஒரு தாத்தாவுக்குக் கொழும்பில் ஒரு கற்கைநெறிக்கு இடம் கிடைத்தது. பதிவு செய்ய வேண்டிய நாளில் அவருடைய வாப்பாவுக்குக் கடும் காய்ச்சல். நானா வெளிநாட்டில். கூடப் போக ஆள் இல்லை. “நான் தனியே போய் வருகிறேன்” என்று சொல்ல அவருக்கும் தைரியம் இல்லை, “போய் வா” என்று சொல்ல உம்மாவுக்கும் தைரியம் இல்லை. இடம் போய்விட்டது. இரண்டு வருடம் விழித்திருந்து படித்த படிப்பு, ஒரு பஸ் பயணத்தில் தோற்றது.

புறக்கோட்டை பற்றிய பயத்தில் பாதி, அது தலையும் வாலும் தெரியாத இடம் என்ற எண்ணத்தால் வருவது. சென்ற விடுமுறையில் வாப்பா என்னையும் அழைத்துப் போனார். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாகப் பஸ் இறங்குகிறது. 1,200 மீற்றருக்கு மேல் இருக்கும் ஊரிலிருந்து கடல் மட்டத்துக்குப் போகிறோம். அவிசாவளை வரும்போதே சுவெட்டரைக் கழற்றிவிட வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாப்பா, “இன்றைக்கு நீ முன்னால் நட, நான் பின்னால் வருகிறேன்” என்றார். அப்படி நடந்தபோதுதான் தெரிந்தது, புறக்கோட்டைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. மெயின் வீதியை ஒரு கோடாக மனதில் வைத்துக்கொண்டால் முதலாம் குறுக்குத் தெரு முதல் ஐந்தாம் குறுக்குத் தெரு வரை அதை வரிசையாக வெட்டிச் செல்கின்றன. மின்சாதனங்களுக்கு முதலாம் குறுக்குத் தெரு. துணிக்குக் கெய்சர் வீதி. மருந்துச் சரக்குக்குக் காபோஸ் லேன். நகைக்குச் செட்டியார் தெரு. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டது போல நிற்கிறது, 1909இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமிஉல் அஃபர் பள்ளிவாசல். திசை தடுமாறினால் அதைக் கேட்டால் போதும், யாரும் வழி சொல்வார்கள். காலி வீதிப் பக்கம், பம்பலப்பிட்டிக்கோ வெள்ளவத்தைக்கோ போக வேண்டுமென்றால் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்கள் இருக்கின்றன. ஒரு காலை நேரத்தில் இவ்வளவையும் படித்துக்கொள்ளலாம். இரசாயனவியல் பாடத்தை விட இது இலேசானது.

வாங்குவதும் படித்துக்கொள்ள வேண்டிய ஒன்றுதான். முதல் கடையில் விலையை மட்டும் கேட்டுவிட்டு, மூன்றாவது கடையில் வாங்க வேண்டும். சிங்களத்தில் “கீயத” என்று விலை கேட்கவும் எண்களைச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். திரும்பி வரும் பஸ் காசை வேறாக மடித்து வைக்க வேண்டும். பில் கேட்க வெட்கப்படக்கூடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வியாபாரி கடமைப்பட்டவர். குறிக்கப்பட்ட உச்ச விலைக்கு மேல் விற்பது குற்றம். முறையிட 1977 என்ற இலக்கம் இருக்கிறது. இவை வணிகக் கல்வி மாணவிகளுக்கு மட்டும் உரிய விடயங்கள் அல்ல.

பெற்றோர் பயப்படுவது விலைக்காக அல்ல என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் சிறிதாக்க மாட்டேன். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் செய்த ஆய்வில், இலங்கையில் பொதுப் போக்குவரத்தில் செல்லும் பெண்களில் 90 சதவீதமானோர் ஒரு முறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருப்பது தெரியவந்தது. பொலிஸில் முறையிட்டவர்களோ 4 சதவீதம் மட்டுமே. இரண்டாவது எண்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு இதற்கு ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை சொல்கிறது. சட்டம் இருக்கிறது, வாய் திறப்பவர்தான் இல்லை. ஏன்? “சொன்னால் இனி வெளியே விடமாட்டார்கள்” என்று பிள்ளை பயப்படுகிறாள். தொந்தரவு செய்தவன் நாளைக்கும் அதே பஸ்ஸில் போவான், அவளுடைய பயணம்தான் நின்றுபோகும். வீட்டில் தடையைத் தவிர வேறு பதில் இல்லாத வரை, பிள்ளைகள் மௌனமாகத்தான் இருப்பார்கள். சத்தமாகப் பேசு, நடத்துநரிடம் சொல், பெண்கள் இருக்கும் ஆசனத்துக்கு மாறு, 1938க்கோ 119க்கோ எடு, வீட்டுக்கு வந்து சொல், நாங்கள் உன்னை ஏச மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால் அவள் பேசுவாள். அதோடு மகன்மாரையும் உட்கார வைத்து, பஸ்ஸில் எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் நாம் மறக்கக்கூடாது. பிள்ளைகளைத் தனியே அனுப்ப மாட்டோம் என்று சொல்லும் இதே மலையகத்திலிருந்து, வறுமை காரணமாக எத்தனையோ பிள்ளைகள் கொழும்புக்கு வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போயிருக்கிறார்கள். 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் வேலை செய்த வீட்டில் தீக்காயங்களுக்கு உள்ளாகி வைத்தியசாலையில் இறந்தாள். என்னை விட ஒரு வயது குறைவு. என்ன நடந்தது என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நான் நினைப்பது இதுதான்: ஓர் ஆபத்து என்றால் யாரிடம் ஓடுவது, எந்த எண்ணுக்கு எடுப்பது என்று கொழும்புக்குப் புறப்பட்ட நாளில் அவளுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களா? படிப்புக்கு மட்டும்தான் நாம் அனுப்பத் தயங்குகிறோமா?

மார்க்கத்தின் நிலை பற்றியும் கேட்பீர்கள். மஹ்ரம் இல்லாமல் பெண் பயணம் செய்வதைத் தடுக்கும் ஹதீஸ்கள் இருக்கின்றன. வழி அச்சமற்றதாக இருந்தால் இமாம்களில் சிலர் இடம் கொடுத்திருக்கிறார்கள், வேறு சிலர் கொடுக்கவில்லை. தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தான் நம்பும் ஆலிமிடம் கேட்டு நடக்கட்டும். ஆனால் புகாரியில் வரும் ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். ஹீராவிலிருந்து ஒரு பெண் புறப்பட்டு, அல்லாஹ்வைத் தவிர வேறு எவருக்கும் அஞ்சாமல் வந்து கஃபாவைத் தவாப் செய்யும் காலம் வரும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அதீ இப்னு ஹாத்திம் (ரழி) அவர்களிடம் சொன்னார்கள். அதைத் தன் கண்ணாலேயே கண்டதாக அதீ (ரழி) பிற்காலத்தில் கூறினார்கள். ஒரு பெண் அச்சமின்றிப் போகும் பாதை, அங்கே ஒரு நல்ல சமூகத்தின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் பாதையைத் திருத்தும் கடமை எல்லோருக்கும் உண்டு. மஹ்ரமோடுதான் கொழும்புக்கு அனுப்புவேன் என்னும் வீட்டுக்கும் நான் சொல்வது பொருந்தும். வாப்பா விடுதியில் விட்டுவிட்டு மாலை பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுவார். மறுநாள் காலையில் கடைக்குப் போகப் போவது மகள்தான்.

முதல் நாளில் மனம் கலங்குவது பெண்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. உலகம் சுற்றிய இப்னு பதூதா 1325இல் தஞ்சியரிலிருந்து தனியே புறப்பட்டபோது அவருக்கு வயது 21. துனிஸ் நகரத்துக்குள் நுழைந்தபோது, கூட வந்தவர்களை ஊரார் ஸலாம் சொல்லி வரவேற்றார்கள். இவரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. தனிமை தாங்காமல் அழுதுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அதைக் கவனித்த ஒரு ஹாஜி பக்கத்தில் வந்து, ஸலாம் சொல்லி, நகரத்துக்குள் சேரும் வரை ஆதரவாகப் பேசிக்கொண்டு வந்தார். அப்படி அழுத அவர்தான் 1344இல் நம் நாட்டுக்கு வந்து, நம் ஊர்ப் பக்கத்துப் பாவா ஆதம் மலையில் ஏறினார். கொழும்பைக் ‘கலன்பு’ என்று குறிப்பிட்டு, ஸரந்தீபின் அழகான பெரிய நகரங்களில் ஒன்று என்று எழுதி வைத்தார். முதல் நாளில் அவருக்குத் தேவைப்பட்டது ஒரு ஸலாம்தான். நம் கல்லூரியின் பழைய மாணவிகள் பலர் கொழும்பில் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், குடியிருக்கிறார்கள். அவர்களில் விரும்புவோரின் பெயர்களைப் பழைய மாணவிகள் சங்கம் ஒரு பட்டியலாக வைத்திருந்தால், புதிதாகப் போகும் ஒவ்வொருவருக்கும் அழைக்க ஒரு தாத்தா இருப்பார். எந்தப் பள்ளிவாசலில் பெண்கள் தொழ இடம் உண்டு, எங்கே சுத்தமான கழிவறை உண்டு, எந்த விடுதி நல்லது என்பதெல்லாம் அந்தத் தாத்தாவுக்குத் தெரியும். இதற்குப் பணம் வேண்டியதில்லை.

பெற்றோரிடம் நான் கேட்பது நான்கு படிகள்தான். சாதாரண தரம் முடிந்த விடுமுறையில் ஒரு முறை மகளை அழைத்துச் சென்று தெருக்களின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். இரண்டாவது முறை அவளை முன்னால் நடக்க விடுங்கள், அவள் கேட்டாலொழிய வழி சொல்லாதீர்கள். மூன்றாவது முறை ஓர் இடத்தில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் மூன்று சாமான்களை வாங்கி வரச் சொல்லுங்கள். நான்காவது முறை தோழி ஒருத்தியோடு பகல் பஸ்ஸில் போய் வரட்டும். கல்லூரி நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள். வருடந்தோறும் கல்விச் சுற்றுலா போகிறோம், பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையாக நடந்து வரிசையாகத் திரும்புகிறோம். உயர்தர மாணவிகளுக்காவது ஒரு முறை, ஆசிரியைமார் பக்கத்தில் இருக்க, இருவர் இருவராகப் பிரித்து, பட்டியலும் பணமும் தந்து, வாங்கி வந்து கணக்கு ஒப்படைக்கச் சொல்லலாமே.

தோழியரே, நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. நம்பிக்கை வேண்டும் என்றால் சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும். எங்கே நிற்கிறோம் என்று வீட்டுக்குச் சொல்வதை இடைஞ்சலாக நினைக்கக் கூடாது. வாங்கியதற்கு ஒரு ரூபா விடாமல் கணக்குக் காட்ட வேண்டும். அனுமதி கேட்பதற்கு முன்னால் பஸ் நேரத்தையும், போகும் இடத்தையும், திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி உம்மாவிடம் கொடுங்கள்.

வாப்பாமாரே, அடுத்த முறை சரக்கு எடுக்கப் புறப்படும்போது, பட்டியலில் பாதியை மகளிடம் கொடுங்கள்.