படிவத்தில் நாம் எழுதும் பொய்



மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளான் மாலை. மஃக்ரிபுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சேத்தியாத்தோப்பில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு நெய்வேலிக்குத் திரும்பிக்கொண்டிருந்த என் அத்தாவின் மொபெட், வளையமாதேவி அருகே சாலையின் இடப்பக்கத்தை விட்டு மெல்ல மெல்ல வலப்பக்கம் சாய்ந்து போனது. அவர் பிரேக் பிடிக்கவில்லை. ஒலி எழுப்பவும் இல்லை. எதிர்ப்புறத்தில் பேருந்துக்காக நின்றிருந்த ஒரு தாய், இடுப்பிலிருந்த குழந்தையோடு பின்னால் பாய்ந்ததால் தப்பினார். வண்டி அவர் நின்ற இடத்தைக் கடந்து மண்மேட்டில் மோதி விழுந்தது. ஓடி வந்தவர்கள் முதலில் குடிபோதை என்றே நினைத்தார்கள். உடல் முழுக்க வியர்த்திருந்தது, பேச்சு குழறியது. தொப்பியைப் பார்த்த பிறகுதான் தேநீர்க் கடைக்காரர் ஒருவர், "பாய் நோன்பு போல, சுகர் இறங்கியிருக்கும்" என்று சொல்லிச் சர்க்கரை கரைத்த தண்ணீரைப் புகட்டினார். அந்தச் சகோதரருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. அதைக் குடித்த பிறகு மருத்துவமனையில் பார்த்தபோதும் இரத்தச் சர்க்கரை 54 தான்.

அத்தாவுக்கு முழங்கை மட்டும் சிராய்த்தது. இதைச் சொல்லிவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், பெரிய ஆபத்து நீங்கியது" என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். முடியவில்லை. அந்த விபத்துக்கு எட்டு மாதங்களுக்கு முன் அத்தாவின் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்தோம். விண்ணப்பத்தோடு செல்லும் உடல்தகுதி உறுதிமொழியைப் பூர்த்தி செய்தவன் நான். வலிப்போ, திடீரென நினைவிழப்பதோ, எக்காரணத்தாலும் தலைச்சுற்றலோ உண்டா என்பது அதன் முதல் கேள்வி. அதற்கு முந்தைய மாதம்தான் அத்தா குளியலறை வாசலில் சர்க்கரை இறங்கிச் சரிந்திருந்தார். நான் எழுதிய பதில்: இல்லை. மருத்துவச் சான்று வாங்கச் சென்ற இடத்தில் அவரைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை, கண்ணைச் சோதிக்கவும் இல்லை. கட்டணம் வாங்கினார்கள், முத்திரை விழுந்தது, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். வேலை எளிதாக முடிந்தது என்று மகிழ்ந்தேன்.

நம் சமுதாயத்தில் இதைப் பாவமென்று கருதுவோர் எத்தனை பேர்? வட்டி கூடாதென்று வங்கி வாசலில் தயங்குகிறோம். பொட்டலத்தின் பின்புறம் திருப்பி, சேர்மானங்களில் ஜெலட்டின் உண்டா என்று படிக்கிறோம். ஆனால் அரசுப் படிவத்தில் "இல்லை" என்று எழுதும்போது பேனா தடுமாறுவதில்லை. பெரும் பாவங்களை எண்ணிச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து அமர்ந்து, பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்ப எச்சரித்ததாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. பொய்ச் சாட்சியம் என்றால் நீதிமன்றக் கூண்டு மட்டுமா? சாலையில் எதிரே வரும் முன்பின் அறியாத மனிதனுக்கு, "என்னால் உனக்கு ஆபத்தில்லை" என்று நாம் எழுதிக் கொடுக்கும் சாட்சியம் வேறென்ன?

சட்டம் இதில் ஒன்றும் மௌனமாக இல்லை. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, 40 வயதைக் கடந்தவர் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று தர வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின், 55 வயதைக் கடந்தவருக்கு ஒவ்வொரு முறையும் ஐந்தாண்டுகளே உரிமம். இவற்றைவிட முக்கியமானது 186 ஆம் பிரிவு. பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய நோயோ குறைபாடோ தனக்கு இருப்பதை அறிந்தே ஒருவர் வாகனம் ஓட்டினால் அது குற்றம். அறிந்தே என்ற சொல்தான் அதில் கனமானது. எங்கள் வீட்டில் அனைவரும் அறிந்திருந்தோம்.

மார்க்கம் இன்னும் கடுமையாகவே பேசுகிறது. ஒரு நம்பிக்கையாளரைத் தவறுதலாகக் கொன்றவர் மீதும் பரிகாரமும் இழப்பீடும் உண்டு என்பது குர்ஆன் (4:92) வகுத்த சட்டம். நோக்கமில்லை என்பதால் கணக்கு தீர்ந்துவிடுவதில்லை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1993 ஜூனில் புரூணையில் கூடியபோது சாலை விபத்துகளைப் பற்றியே தனியாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஷரீஅத்துக்கு முரணாகாத போக்குவரத்து விதிகளைப் பேணுவது மார்க்கக் கடமை என்றும், பிறர் உயிருக்கும் உடைமைக்கும் நேரும் சேதத்துக்கு ஓட்டுநரே பொறுப்பு என்றும் அது கூறுகிறது. தடுக்கவே இயலாத திடீர் நிகழ்வு அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும்தான். ஆனால், குளியலறையில் ஒருமுறை விழுந்தவர் சாலையில் மறுமுறை விழுவதை எந்த முஃப்தியிடம் போய்த் தடுக்க இயலாதது என்று சொல்வோம்?

நீரிழிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அது இல்லாத வீடு குறைவு. 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. சாலையைப் பொறுத்தவரை அதிகச் சர்க்கரையைவிடக் குறைந்த சர்க்கரையே உடனடி எதிரி. மூளைக்குக் குளுக்கோஸ் குறைந்தால் முதலில் தடுமாறுவது முடிவெடுக்கும் திறன். கை கால் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அறிவு விலகிவிடும். பல்லாண்டு நோயாளிகளுக்கு நடுக்கம், படபடப்பு முதலிய எச்சரிக்கைகளே மங்கிவிடுவதும் உண்டு. கனடாவில் 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான சர்க்கரை இறக்கத்துக்கு முன்பே ஆளானவர்களுக்கு விபத்து வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது.

இதோடு ரமளானைச் சேர்த்துப் பாருங்கள். 13 நாடுகளில் 12,000 க்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவாளர்களிடம் நடத்தி 2004 இல் வெளியிட்ட எபிடியார் ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவாளர்களிடம் கடுமையான சர்க்கரை இறக்கம் நோன்பு மாதத்தில் 7.5 மடங்கு கூடியதாகக் காட்டியது. சர்க்கரை அளவு 70 க்குக் கீழே போனால் நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் வழிகாட்டல். விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் எத்தனையோ முறை விளக்கிவிட்டார்கள். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை அளித்திருக்கிறான் (2:184). பிரிட்டனில் இன்சுலின் செலுத்துவோர் வண்டியை எடுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். ஐந்துக்குக் கீழே, அதாவது நம் கணக்கில் 90 க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதேனும் உண்ண வேண்டும். நோன்பாளி உண்ண முடியாது. அப்படியென்றால் அஸருக்குப் பிறகு அவர் வண்டியைத் தொடக் கூடாது. இவ்வளவு எளிய கணக்கை எந்த ரமளான் பயானிலாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

முதியவர்களை வீட்டுக்குள் பூட்டச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வயது என்பது நோயல்ல. எழுபதிலும் தெளிவாக ஓட்டுபவர் உண்டு; நாற்பதில் தகுதியற்றவரும் உண்டு. கண்புரை வந்தவர்களை அமெரிக்காவின் அலபாமாவில் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2002 இல் வெளியானது: அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம், செய்துகொள்ளாதவர்களுடையதில் பாதியாக இருந்தது. ஆக, உரிமத்தைப் பறிப்பது எப்போதும் முதல் மருந்தல்ல. பல வேளைகளில் புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒரு பயணம் போதும். உண்மையைச் சொன்னால்தானே அந்தப் பயணமும் நடக்கும்?

ஜப்பானியர் இதைத் துயரத்தின் வழியாகக் கற்றார்கள். 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயது முதியவர் ஓட்டிய கார், சைக்கிளில் வந்த தாயையும் மூன்று வயது மகளையும் கொன்றது. பிரேக் என்று எண்ணி ஆக்ஸிலேட்டரை மிதித்திருந்தார். அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ ஆறு லட்சம் ஜப்பானியர் தாமாகவே உரிமத்தைத் திருப்பி ஒப்படைத்தார்கள். நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில் 65 வயதிலிருந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. அங்கே ஒழுங்காகச் சோதனைக்குப் போகும் மாமாவே ஊருக்கு வந்தால், சோதிக்காமல் சான்று தரும் இடம் எது என்று கேட்கிறார்!

நெய்வேலிப் பக்கத்துச் சகோதரர்கள் இதற்குச் சொல்லும் மறுமொழி எனக்குத் தெரியும். "சாம்பல் லாரிகளை விட்டுவிட்டு எங்கள் மொபெட்டைப் பிடிக்கிறீர்களே!" 2023 ஜூலையில் பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காகப் பயிர் நின்ற வயல்களில் இயந்திரம் இறங்கியதைக் கண்ணால் பார்த்த வளையமாதேவிக்காரர்கள் கனரக வண்டிகள் மீது கோபம் கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் லாரி ஓட்டுநரின் சான்றும் இதே விதமாகவே முத்திரை பெறுகிறது. நம் வீட்டுப் பொய்யைச் சிறியதென்று மன்னித்துவிட்டு, அவருடையதை மட்டும் எப்படிக் கேட்பது? 2024 ஜூலையில் வெள்ளகோவிலில் பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர் மாரடைப்பு வந்த நிலையிலும் வண்டியைச் சாலையோரம் நிறுத்திக் குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டு உயிர் நீத்தார். அவரைப் போற்றினோம், போற்றத்தான் வேண்டும். நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்வோரின் இதயத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் யார் பார்க்கிறார்கள் என்று மட்டும் நாம் கேட்கவில்லை.

இன்னொரு மறுமொழி மார்க்கத்தின் பெயரால் வருகிறது. பெற்றோரிடம் "சீ" என்றும் சொல்லக் கூடாதே (17:23), அத்தாவிடம் எப்படிச் சாவியைக் கேட்பது? என் வாயை அடைத்து வைத்திருந்ததும் இதுதான். பிறகுதான் சூரத்து மர்யமில் இப்ராஹீம் (அலை) தம் தந்தையிடம் பேசிய இடத்தை நிதானமாக ஓதினேன். என் தந்தையே, என் தந்தையே என்று நான்கு முறை அழைக்கிறார். குரல் உயரவில்லை, சொல்ல வேண்டியதையும் விழுங்கவில்லை. எனக்கிருந்தது மரியாதையல்ல, கோழைத்தனம்.

கேட்பதற்கு விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. கனடாவின் ஒன்ராறியோவில் மருத்துவர்கள் எச்சரித்த ஒரு லட்சம் நோயாளிகளை ஆராய்ந்த 2012 ஆம் ஆண்டு ஆய்வில், கடும் விபத்துகள் சுமார் 45 விழுக்காடு குறைந்தன. மனச்சோர்வு கூடியது, எச்சரித்த மருத்துவரிடம் மீண்டும் செல்வதும் குறைந்தது. சாவியை வாங்கிக்கொண்டு மனிதரைத் திண்ணையில் விட்டுவிட்டால் இதுதான் நடக்கும். எங்கள் அத்தாவும் முதல் இரண்டு மாதம் ஜமாஅத்துக்கே போகவில்லை. அம்மாவுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை, தனக்கு மட்டும் டிக்கெட்டா என்பது அவருடைய பிடிவாதம்; அதற்குப் பின்னால் இருந்தது வெட்கம்.

அதை மாற்றியது எங்கள் வீடல்ல, தெரு. அஸருக்கும் மஃக்ரிபுக்கும் தம்பி ஒருவர் தம் ஆட்டோவில் நான்கு பெரியவர்களை ஏற்றிச் செல்கிறார்; டீசல் செலவைப் பத்து வீட்டார் பகிர்ந்துகொள்கிறோம். ஒவ்வொரு ஜமாஅத்தும் இந்த ரமளானுக்கு முன் இதைச் செய்யலாம். கஞ்சிக்கு வசூலிக்கத் தெரிந்த நமக்கு இதற்குத் தெரியாதா? கூடவே, ஷஃபானில் ஒரு கண், சர்க்கரைப் பரிசோதனை முகாம். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி: இன்சுலின் போடுபவர்கள் அஸருக்குப் பின் வண்டி எடுக்காதீர்கள், இந்த எண்ணுக்கு அழையுங்கள்.

மொபெட்டை விற்றுவிட்டோம். அத்தாவின் உரிமம் இன்னும் பீரோவில் இருக்கிறது, காலாவதியாக இரண்டு ஆண்டுகள் உள்ளன. அதைப் புதுப்பிக்கும் படிவம் வந்தால் நானே பூர்த்தி செய்து தர வேண்டும் என்று சென்ற வாரம் கேட்டார். தருகிறேன் அத்தா, ஆனால் முதல் கேள்விக்கு "ஆம்" என்றுதான் எழுதுவேன் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆட்டோ வந்துவிட்டதா பார் என்றார்.