உறுதி பார்த்தோம், சுவர் பார்த்தோமா?

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தாய் தம் மகனுடன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கிண்ணியாவைச் சேர்ந்தவர். கணவர் மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மகன் கட்டாரில் பாடுபட்டுச் சேர்த்த பணமும் தாயின் நகையும்தான் கையில். மகளுக்கு நிகாஹ் பேசி முடித்தாயிற்று. பெண்ணுக்கு வீடு கொடுப்பது நமது கிழக்கு மாகாண வழக்கம். அது சரியா, தவறா என்பதை இன்னொரு மாதம் பேசுவோம். திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கமாக ஒரு பழைய கல்வீடு விலைக்கு வந்திருக்கிறது.

“மௌலவி, உறுதியெல்லாம் நொத்தாரிசு பார்த்துட்டாரு. சர்வேயும் பண்ணியாச்சு. வெள்ளிக்கிழமை முற்பணம் குடுக்கப் போறோம். பரக்கத்துக்கு ஒரு துஆ ஓதுங்க” என்றார்.

“ஓதுறேன் உம்மா. சுவரை யாருக்காவது காட்டினீங்களா?” என்று கேட்டேன்.

“சுவரையா? புதுசாப் பெயின்ட் அடிச்சு சோக்கா இருக்குதே!”

சகோதரிகளே, இந்த ஒரு பதிலுக்காகவே இந்த மாதப் பக்கத்தை எழுதுகிறேன்.

நம் மக்கள் ‘சர்வே’ என்று சொல்வது காணி அளப்பதை. நில அளவையாளர் எல்லையை அளந்து வரைபடம் தருவார். எத்தனை பேர்ச்சஸ் என்று சொல்வார். நொத்தாரிசு, காணி யார் பெயரில் இருக்கிறது, அடகு கிடக்கிறதா என்று பதிவேட்டைத் தேடிச் சொல்வார். வங்கிக் கடன் எடுத்தால் மதிப்பீட்டாளர் வந்து, என்ன விலை பெறும் என்று சொல்வார். மூவரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தாலும், கூரை இன்னும் பத்து வருடம் நிற்குமா என்று மூவரில் ஒருவரும் சொல்லமாட்டார். அது அவர்கள் வேலையல்ல. அதைச் சொல்லக் கூடியவர் கட்டடம் படித்த பொறியியலாளர். அத்திவாரம் முதல் முகடு வரை வீட்டைச் சோதித்து அவர் எழுத்தில் தரும் அறிக்கைதான் பழைய வீட்டுக்கு அவசியமான ‘சர்வே’.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் என் ராத்தா குடும்பம் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பழைய கல்வீடு வாங்கியது. பேச்சுவார்த்தைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். போனது கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதம். வெளியே அனல் பறக்கிறது. உள்ளே இரண்டடித் தடிப்புச் சுவர் குளுகுளுவென்று இருக்கிறது. “மாஷா அல்லாஹ், இந்தக் காலத்தில் இப்படி யார் கட்டுகிறார்கள்?” என்று நானே சொன்னேன். ராத்தா தம் மஹர் நகையையும் விற்றுக் கொடுத்தார். ஐப்பசி பிறந்தது, மாரி தொடங்கியது. ஒரு வாரத்தில் பெயின்ட் கொப்புளித்தது. பூச்சு தட்டுத் தட்டாக விழுந்தது. மார்கழியில் குசினிப் பக்கத்துத் தீராந்தி ஒன்று சுவருக்குள் இருந்த முனையில் உளுத்து இறங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், அந்த நேரம் கீழே யாரும் இருக்கவில்லை. திருத்த வேலைக்கு வீட்டு விலையில் மூன்றிலொரு பங்கு போயிற்று. ராத்தா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அவருடைய வெறுங்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆடி மாதம் ஞாபகம் வருகிறது.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம்! மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டுக் கண்டித்தார்கள். மோசடி செய்பவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்றும் எச்சரித்தார்கள். புதுப் பெயின்ட் பூசிய பழைய சுவர் அந்தக் குவியல்தான். விற்பவர் ஐபை மறைக்கக் கூடாது என்பது ஒரு பாடம். கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்பது வாங்குபவருக்கான பாடம். நாம் முதலாவதைப் பயான் செய்கிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

இனி, நமது பழைய கல்வீடுகளின் சங்கதியைக் கேளுங்கள். திருகோணமலை நகரம் ஒரு பக்கம் விரிகுடா, மறுபக்கம் உட்துறைமுகம் என்று இரு கடலுக்கு நடுவே கிடக்கிறது. எந்தக் காற்று அடித்தாலும் உப்பு வரும். பழைய கட்டடக்காரர்கள் முருகைக்கல்லையும் கருங்கல்லையும் அடுக்கி, முருகைக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பில் சாந்து குழைத்துச் சுவர் எழுப்பினார்கள். உள்முகம், வெளிமுகம் இரண்டையும் நல்ல கல்லால் கட்டி, நடுவே உடைகல்லும் சாந்தும் கொட்டி நிரப்புவதும் உண்டு. இன்று நாம் போடும் ஈரத்தடுப்பு அடுக்கு அத்திவாரத்தின் மேல் இருக்காது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சின் வழியே மெல்ல ஆவியாகிப் போகும். சுவர் மூச்சு விடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? உறுதியாக இருக்கட்டும் என்று சீமெந்து பூசி, அதன் மேல் பெயின்டும் அடித்தார்கள். மூச்சு அடைபட்டது. ஈரம் உள்ளேயே தங்கியது. அதிலுள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காக உறைந்து, பூச்சைத் தள்ளுகிறது, கல்லையும் பொடியாக்குகிறது. யன்னலுக்கு மேலே ஆங்கிலேயர் காலத்து இரும்பு உத்தரம் இருந்தால் இன்னொரு தொல்லை. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். சுற்றியுள்ள கல்லைப் பிளந்துவிடும். கூரை மரத்துக்கும் இதே கதைதான். ஆங்கிலேயர் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயரிட்டழைத்த ஹல்மில்லவும் முதிரையும் பாலையும் நல்ல சாதி மரங்கள். ஆனாலும் ஈரச் சுவருக்குள் புதைந்த முனை எந்த மரமானாலும் உளுக்கும். கண்ணுக்குத் தெரியும் பகுதி வைரமாக இருக்கும். தெரியாத முனை மண்ணாக இருக்கும்.

வீடு எதையெல்லாம் தாங்கி வந்தது என்றும் யோசிக்க வேண்டும். 9.4.1942 அன்று ஜப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டன. 1964 டிசம்பரில் பெருஞ்சூறாவளி அடித்தது. 26.12.2004 அன்று சுனாமி வந்தது. 2.12.2020 இரவு புரெவிப் புயல் நகருக்கு வடக்கே கரை கடந்தது. இடையில் யுத்த காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்து போக, வருடக் கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடுகள் எத்தனை! ஆளில்லாத வீட்டில் ஓர் ஓடு விலகினால் ஏற்றி வைக்க ஆளில்லை. ஒழுக்கு விழும், கறையான் ஏறும், ஆலும் அரசும் சுவரில் முளைத்து வேர் விடும். பிறகு வந்தவர்கள் அவசரத்துக்குச் செய்த திருத்தமெல்லாம் பூச்சின் அடியில் மறைந்திருக்கும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, முற்பணம் கொடுக்குமுன் சோதியுங்கள். கொடுத்த பிறகு அல்ல. அவசரமாக உடன்படிக்கை எழுத வேண்டியிருந்தால், பொறியியலாளர் அறிக்கை திருப்தியாக இல்லாவிட்டால் முற்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையை நொத்தாரிசிடம் சொல்லி எழுதுவித்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, சோதிப்பவர் உங்கள் ஆளாக இருக்க வேண்டும். தரகர் கூட்டி வருபவர் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த பொறியியல் பேரவையில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கல்லும் சுண்ணாம்பும் உள்ள வீட்டில் வேலை செய்து பழகியவரா என்றும் கேளுங்கள். கொங்கிறீட் மட்டுமே தெரிந்தவர், எல்லாவற்றையும் சீமெந்தால் பூசு என்று சொல்லிவிடக் கூடும். அனுபவமுள்ள மேசன் பாஸ் ஒருவரையும் தச்சரையும் கூட வைத்துக் கொள்வது நல்லது. ஆனால் அவர்கள் வாய்ச்சொல் அறிக்கைக்கு ஈடாகாது.

மூன்றாவது, அறிக்கை எழுத்தில் வர வேண்டும். ஒவ்வொரு வெடிப்பும் எங்கே, எவ்வளவு அகலம், பழையதா, இன்னும் விரிகிறதா? சுவர் தூக்குநூலுக்கு நேராக நிற்கிறதா, வயிறு தள்ளியிருக்கிறதா? ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறதா, கூரைப் பீலியிலிருந்து இறங்குகிறதா? தீராந்தி, வளை, கைமர முனைகளைக் குத்திப் பார்த்தாரா? அறையைப் பெரிதாக்க யாராவது தாங்குசுவரை எடுத்திருக்கிறார்களா? பழைய சுவரின் மேல் கொங்கிறீட் தட்டு ஏற்றியிருக்கிறார்களா? மலசலகூடக் குழி அத்திவாரத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது? உடனே செய்ய வேண்டியது எது, பொறுக்கக் கூடியது எது, ஏறக்குறைய என்ன செலவு? பார்க்க முடியாமல் போன இடங்கள் எவை? இந்தக் கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். ஒளிந்திருக்கும் குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நான்காவது, ஒரு மழையாவது பெய்த பிறகு வீட்டைப் பாருங்கள். ஆடியில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

திருத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. முருகைக்கல் தேவையென்று கடலில் எடுத்துவர முடியாது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம் கரையோர வலயத்தில் அதைத் தடுத்துவிட்டது. கரையைக் காக்கும் பாறையை உடைத்தால் கடல் ஊருக்குள் வரும் என்பதால் அது நியாயமான தடைதான். ஆகவே கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் வேறு வழி தேட வேண்டும். அந்தச் செலவையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும்.

சகோதரிகளே, “இதெல்லாம் ஆண்கள் காரியம்” என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஆண்கள் வாசலில் நின்று விலை பேசுவார்கள். குசினியில் பகல் முழுவதும் நிற்பவர் நீங்கள். அலுமாரியை நகர்த்திப் பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள். அறைக்குள் புழுங்கல் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். அடுத்த வீட்டுப் பெண்ணிடம், “மாரியில இந்த வீட்டுல எந்த அறையில சட்டி வைப்பாங்க?” என்று கேளுங்கள். புரோக்கர் பத்து நாள் மறைத்ததை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். இன்னொன்று: உங்கள் மஹரும் நகையும் உங்கள் ஹக். அதைக் கொடுத்து வாங்கும் வீட்டுக்கு அறிக்கை எங்கே என்று கேட்பது அடக்கமின்மை ஆகாது.

சிலர் கேட்பார்கள்: “இஸ்திகாரா தொழுதுவிட்டோமே, இது எதற்கு?” இஸ்திகாரா தொழச் சொன்ன மார்க்கமே அறிந்தவரிடம் மஷூரா செய்யவும் சொல்கிறது. வாங்கிய பின் பழைய ஐபு தெரிந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை ஷரீஅத்தில் உண்டு. நமது ஷாஃபிஈ மத்ஹபில் அதைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும். நமது நாட்டில் வீடு, காணி விற்பனைக்கு அடிப்படையான ரோமன் டச்சுச் சட்டத்திலும் மறைந்த குறைக்கு விற்றவர் பொறுப்பு என்ற கொள்கை இருக்கிறது. ஆனால் நீதிமன்றப் படியேறி அதை நிரூபிப்பதற்குள் இரண்டு மாரி போய்விடும். முன்னால் சோதிப்பதே இலகு.

விற்பவர்களுக்கும் சொல்கிறேன். இருவரும் உண்மை சொல்லி, குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் பரக்கத் அழிந்துவிடும் என்பது நபிமொழியின் கருத்து. ஒழுக்கு விழும் அறையைக் காட்டி விற்றால் விலை சற்றுக் குறையலாம். அந்தக் குறைவு உங்களுக்கு நஷ்டமல்ல.

கிண்ணியாத் தாயின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை முற்பணம் கொடுக்கவில்லை. பொறியியலாளர் வந்து அரை நாள் பார்த்தார். முன்சுவரில் எல்லோரும் பயந்த நீண்ட வெடிப்பு வெறும் பூச்சு வெடிப்பு. சுவர் இன்னும் பல காலம் நிற்கும் என்று எழுதினார். யாரும் கவனிக்காத பின்சுவர்தான் வயிறு தள்ளியிருந்தது. இரண்டு தீராந்தி முனைகள் உளுத்திருந்தன. அறிக்கையை விற்பவரிடம் காட்டினார்கள். அவரும் நல்ல மனிதர். “எனக்கே இது தெரியாது” என்று சொல்லி, திருத்தச் செலவில் பெரும்பங்கை விலையில் குறைத்துக் கொண்டார். பின்சுவர் வேலை முடிந்த பிறகுதான் பெண் குடியேறுவாள் என்று முடிவாகி, நிகாஹ் மாரிக்குப் பின்னால் தள்ளிப் போயிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் முகம் சுளித்தார்களாம். அறிக்கையைப் படித்துக் காட்டியதும் பேசாமல் ஒப்புக் கொண்டார்கள்.

அந்தத் தாய் மீண்டும் வந்து, “இப்ப துஆ ஓதுங்க மௌலவி” என்றார். மனநிறைவோடு ஓதினேன்.

வல்ல நாயன் நம் அனைவரின் வீடுகளையும் அமைதி தரும் இல்லங்களாக ஆக்கி, நம் பெண்மக்களின் ஹக்குகளையும் பாதுகாத்தருள்வானாக! ஆமீன்.